தெருமுனையில் என் கண்ணீர் அஞ்சலி

நாக்பூர்,
19 ஜனவரி 2025

வால்டருக்கு,

நான் செத்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று போன வாரம் தெரிந்துகொண்டேன். இவ்வளவு தாமதமாகத் தெரிந்ததற்கு உன்னைக் குறை சொல்லவில்லை. ஊர்ச் செய்தி என் காதுக்கு வரும் வழி எதையும் நான் திறந்து வைத்திருக்கவில்லை.

எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் யாரோ கோள் சொன்னதாக நினைத்துத் தெருவில் நாலு பேரிடம் சண்டைக்குப் போவாய். எங்கள் கல்லூரியில் ரோஹித் என்று ஒருவர் பௌதிகம் நடத்துகிறார். மொபைல் மேப்பில் தெருக்களை நேரில் நின்று பார்ப்பது போலவே பார்க்கலாம். கூரையில் காமிரா வைத்த கார் ஒன்று ஊர் ஊராகப் போய் எடுத்த படங்கள். அதில் அகப்படும் வேடிக்கைகளைத் தேடிப் பிடிப்பது அவர் பொழுதுபோக்கு. இரண்டு படங்களை ஒட்டிய இடத்தில் மாட்டிக்கொண்டு ஐந்து காலோடு நடக்கும் நாய். ஓடாத ஸ்கூட்டர் மேல் மல்லாந்து தூங்குகிறவர். மனித முகங்களை மறைக்கச் சொல்லி யந்திரத்துக்குக் கட்டளை. அது ஒரு ஆட்டின் முகத்தையும் கோயில் சுவரில் இருந்த அம்மன் முகத்தையும் சேர்த்து மறைத்து வைத்திருக்கிறது. மதிய இடைவேளையில் ஸ்டாஃப் ரூமே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

அன்றைக்கு என் ஊரைக் கேட்டார். சொன்னேன். தங்கச் சுரங்கக் கழிவு மண் மலையாகக் கிடக்கும் சயனைடு மேட்டைப் பார்த்துவிட்டு "ராஜஸ்தானா?" என்றார். மாரிகுப்பம் ஸ்டேஷனைத் தாண்டி நம் ஸ்கெலட்டன் குடியிருப்புக்குள் போனார். நம் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றார். விழுந்து விழுந்து சிரித்தார். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாத ஒரு ஆள் அந்தரத்தில் நிற்கிறான். இடுப்பில் கை வைத்த தோரணையைக் கண்டு அது நீ என்று எனக்குப் புரிந்தது. உனக்குப் பின்னால் ஒரு பேனர், இரண்டு ஆள் உயரம்.

ரோஹித்துக்குத் தமிழ் தெரியாது. "என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். கல்யாண வாழ்த்து என்றேன்.

'கண்ணீர் அஞ்சலி. பேராசிரியர் மோ. ஜெயகரன் எம்.ஏ. மறைவு: 2.6.2023.' நான் ஜன்மத்தில் போடாத கோட்டும் டையும் போட்டிருக்கிறேன். கழுத்துக்கு மேலே யந்திரம் மறைத்துவிட்டது. மூலையில் பறக்கும் புறா மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

2011இல் அப்பாவுக்குப் போட்ட பேனரில் ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள் பெயரெல்லாம் இருந்தது. மூத்த மகன் பெயர் இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் காலை ரயில் ஏறினேன். உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. எனக்கென்று தனியாக ஒரு பேனர் போடப் போகிறாய் என்று அப்போதே சொல்லியிருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டேன்.

எதற்காக என்னைச் சாகடித்தாய்? சுரங்கக் கம்பெனி லைன் வீட்டை உன் பெயருக்கு மாற்றவா? கேட்டிருந்தால் ஒரு கையெழுத்துப் போட்டுத் தந்திருப்பேன். உயிரை எடுத்திருக்க வேண்டாம்.

பேனரின் அடியில் அம்மா பெயரும் இருக்கிறது. அவளுக்குத் தெரிந்துதான் நடந்ததா? அவள் இருக்கிறாளா?

போன் நம்பர் தரமாட்டேன். பேசினால் நீ அழுவாய், நான் திட்டுவேன், ஒன்றும் தெரியவராது. எழுது.

ஜெயகரன்


ஸ்கெலட்டன், கே.ஜி.எஃப்.
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். நல்ல வேளை, தபால்காரர் வந்தபோது அம்மா சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். இதை ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து ஆடும், பொறுத்துக்கொள். பெங்களூரில் லிஃப்ட் ரிப்பேர் வேலை. விடிவதற்கு முன்னே வண்டி ஏறினால் வீடு திரும்ப ராத்திரி ஆகிறது.

அம்மா இருக்கிறார்கள். நன்றாக இருக்கிறார்கள். வீட்டுக்காக இல்லை அண்ணா. வீடு இன்னும் யார் பேரிலும் ஆகவில்லை, நம் லைனில் யாருக்குமே ஆகவில்லை. அம்மாவுக்காகத்தான் அந்த பேனர்.

நீ போனதிலிருந்து அம்மா தினம் சாயங்காலம் மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் போனார்கள். பெங்களூர் வண்டியில் வருகிறவர்கள் எல்லாரும் இறங்கிப் போகும்வரை நிற்பார்கள். மழை, ஜுரம் எதுவும் கணக்கில்லை. நான் திட்டினேன், என் மனைவி இசபெல்லா கெஞ்சினாள், ஃபாதர் கூட வந்து சொன்னார். முதலில் வெளியே நின்றவர்கள் பிறகு காலி வண்டியில் ஏறி சீட்டு சீட்டாகத் தேட ஆரம்பித்தார்கள். தூங்கிப் போயிருப்பாய், இறங்க மறந்திருப்பாய் என்று. ஒரு நாள் அவர்கள் உள்ளே இருக்கும்போதே வண்டியை எடுத்துவிட்டார்கள். பங்காருப்பேட்டையில் தண்டவாளத்து ஓரம் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தவர்களை ஒரு கேங்மேன் பிடித்து உட்கார வைத்திருந்தார். அன்று ஒரு கூட்ஸ் வண்டி அவர்களை உரசிக்கொண்டு போனதாம்.

அன்றைக்குத்தான் சொன்னேன், அண்ணன் செத்துட்டாரும்மா, நாக்பூர் பக்கம், அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க என்று. நாக்பூர் என்று நான் ஏன் சொன்னேன் தெரியுமா? பெரியசாமி மாமா பையன் உன்னை அந்த ஸ்டேஷனில் பார்த்ததாக என்றோ சொன்னான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீ நிஜமாகவே இருக்கிறாயா இல்லையா என்று எனக்கும் தெரியாது.

அம்மா அழவில்லை. "பேனர் எங்கடா?" என்றார்கள்.

"இன்னாம்மா பேனரு?"

"பேனர் இல்லாம இந்த ஊர்ல எவன்டா சாவுறான்? எங்கண்ணன் நந்திதுர்க் சுரங்க ஷாஃப்ட்டுல பாறை வெடிச்சி ராக் பர்ஸ்ட்ல போனப்ப, கேட்டாண்ட போர்டுல பேரு எழுதுற வரிக்கும் எங்கம்மா நம்பல. ஊட்டுக்கும் வரல. எழுதினப்புறம்தான் வந்து சோறு ஆக்குனா. எழுதிக் காட்டு, நம்புறேன்."

அதற்குத்தான் போட்டேன். ராபர்ட்சன்பேட்டை ஃப்ளெக்ஸ் கடையில் உன் காலேஜ் அடையாள அட்டை போட்டோவைக் கொடுத்தேன். கோட்டு அவனே போட்டான். புறாவும் அவன்தான். எழுதினதைப் பார்த்து ஊரே வந்துவிட்டது. நான் எதிர்பார்க்கவில்லை. பூசை வைத்தோம். உன் ஸ்கூல் வாத்தியார்கூட வந்தார். எல்லாரிடமும் நாக்பூர் என்றே சொன்னேன். மறுநாளிலிருந்து அம்மா ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அந்த வாரத்தில்தான் காமிரா காரும் போயிருக்கிறது போல. எனக்குக் கால் இல்லாததைக் கேட்டு இசபெல்லா சிரித்தாள், பிறகு அழுதாள்.

அப்பா பேனரில் உன் பேரை வேண்டுமென்றேதான் விட்டேன். அப்பா ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டு உன் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நீ வரவில்லை. கோபம். அவ்வளவுதான்.

வால்டர்


நாக்பூர்,
14 பிப்ரவரி 2025

வால்டருக்கு,

நம்புகிறேன். உனக்கு இவ்வளவு நீளமாகப் பொய் எழுத வராது.

அப்பா விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'பழைய இருமல்தான், வந்து பார்த்துட்டுப் போ' என்றுதான் அப்போது நான் இருந்த பழைய காலேஜுக்குச் செய்தி வந்தது. அது நான் பிறந்ததிலிருந்து கேட்ட இருமல். நிலத்துக்கு அடியில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் இருமினார்கள். நான் பரீட்சை மேற்பார்வையை முடித்துவிட்டு வந்தேன். பெட்டியை மூடியிருந்தீர்கள். யாரும் எனக்காகத் திறக்கவில்லை. இதை நீ மறந்துவிட்டாய்.

உனக்கு அன்று இரண்டு வழி இருந்தது. என்னைத் தேடுவது, என்னைக் கொல்வது. நாக்பூர் என்று ஒரு ஊர்ப் பெயர் வரைக்கும் உனக்குத் தெரிந்திருக்கிறது. இங்கே மொத்தம் எத்தனை காலேஜ் இருந்துவிடும்? ஒரு தந்தி மாதிரி ஒரு வரி, 'அம்மா ஸ்டேஷனில் நிற்கிறாள்' என்று. அதற்குப் பதில் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனாய்.

நான் தனியாக இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இங்கே எனக்கு ஏதாவது நடந்தால் பேனர் போட ஆள் கிடையாது என்று சில சமயம் நினைத்திருக்கிறேன். அந்தக் கவலை தீர்ந்தது.

எனக்காக ஒருத்தி தினமும் போய் நின்றாள் என்பதை நீ இரண்டு வரியில் எழுதிவிட்டாய். என்னால் அதைப் படித்து முடிக்க முடியவில்லை.

வருகிறேன். அம்மாவிடம் நீயே சொல்லி வை. நான் திடீரென்று முன்னால் போய் நிற்பது சரியில்லை.

ஜெயகரன்


ஸ்கெலட்டன்,
27 பிப்ரவரி 2025

அண்ணா,

வராதே. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

நீ வந்தால் எத்தனை நாள் இருப்பாய்? ஒரு வாரமா, பத்து நாளா? பிறகு போய்விடுவாய். உனக்கு இந்த ஊர் ஆகாது, நானும் ஆகமாட்டேன். மூன்றாம் நாளே ஏதாவது பழசை எடுப்பாய். நீ போன மறுநாள் சாயங்காலம் அம்மா மறுபடி செருப்பு மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்புவார்கள். இந்த முறை நான் எதைச் சொல்லி நிறுத்துவது? ஒரு ஆளை இரண்டு தடவை சாகடிக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முன்னே உன் பேரை எடுத்தாலே அம்மா முகம் இறுகிவிடும். 'அவ்ளோ படிச்சவனுக்கு இங்க வர வழி தெரியலியா' என்பார்கள். இப்போது உன்னைப் பற்றி ஆசையாகப் பேசுகிறார்கள். நீ கட்டுரைப் போட்டியில் கப் வாங்கினது, அப்பா நைட் ஷிஃப்ட் முடித்து உன்னைத் தோளில் தூக்கிப் போனது, எல்லாம். அண்டை வீட்டு ஷோபாவிடம் போன வாரம் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். "அவன் வராமலா இருந்தான்? வர முடியாம போயிட்டான் பாவம்."

நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்தால், நீ வராமல் இருந்தவன் ஆகிவிடுவாய். இதை யோசித்துப் பார்.

நான் என்ன ஆவேன் என்பது போகட்டும். தப்பு என்னுடையது.

வால்டர்


நாக்பூர்,
23 மார்ச் 2025

வால்டர்,

போன வியாழக்கிழமை வந்துவிட்டுப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. நீ பெங்களூருக்கும் இசபெல்லா வேலைக்கும் போயிருக்கும் நேரம் பார்த்து வந்தேன். நீ எழுதியது என்னைத் தடுக்கவில்லை, இன்னும் வீம்பாக்கியது. என் அம்மாவை நான் பார்க்க உன் அனுமதி எதற்கு என்றுதான் ரயில் முழுவதும் நினைத்துக்கொண்டு வந்தேன்.

மதியம் மாரிகுப்பத்தில் இறங்கி நடந்தேன். யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. தலையில் முடி இல்லை, தாடி வைத்திருக்கிறேன், கண்ணாடி தடித்துவிட்டது. பேக்கரி வாசலில் என்னோடு எட்டாவது படித்த ஒருவன் வழிவிட்டு ஒதுங்கி நின்று "போங்க சார்" என்றான். எனக்குப் பூசை வைத்தபோது இவனும் வந்திருப்பான்.

அம்மா பின்பக்கம் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். கோழிக் கூண்டின் மேல் மழைக்கு அந்த ஃப்ளெக்ஸைப் போட்டுக் கட்டியிருக்கிறீர்கள். கோட்டும் டையுமாக நான் கோழிகளுக்குக் கூரையாக இருக்கிறேன். மேப்பில் மறைந்திருந்த முகத்தை அங்கேதான் முதலில் பார்த்தேன். இருபத்தேழு வயசு முகம்.

ஒரே ஒரு வார்த்தையைத் தயார் செய்து வைத்திருந்தேன். அம்மா என்று கூப்பிடுவது. அதற்குள் அவள் நிமிர்ந்தாள். கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, "யாருங்க?" என்றாள்.

உனக்கு இது புரியாது. நான் பதினாலு வருஷம் யாரிடமும் போய் நிற்காதவன். பெற்றவளே யாருங்க என்று கேட்டால், நான்தான் என்று எதை வைத்துச் சொல்வது? கண்டுபிடிக்கட்டும் என்று நின்றேன். அவள் கண்டுபிடிக்கவில்லை. நாக்பூரிலிருந்து வருகிறேன், ஜெயகரனோடு வேலை பார்த்தவன் என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"அப்பிடிங்களா. வாங்க, உள்ள வாங்க. வெயில்ல வந்துகீறீங்க."

ஸ்டூல் போட்டாள். டீ வைத்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தாள். கண்ணில் புரை விழுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்யவில்லையா?

"அவன் அங்க எப்பிடி இருந்தான்? சாப்டானா ஒழுங்கா?"

"சாப்பிட்டாரும்மா."

"கோவக்காரன். உங்கள இன்னா திட்டினானோ."

"இல்லம்மா. நல்ல மனுஷன்."

"எங்களப் பத்திப் பேசுவானா?"

பேசுவார் என்றேன். நான் பேசியதே இல்லை. ரோஹித் கேட்கும்வரை என் ஊர் எது என்று இங்கே யாருக்கும் தெரியாது. அம்மா சமையல் மாதிரி வராது என்பார், தம்பி கெட்டிக்காரன் என்பார் என்று அடுக்கிக்கொண்டே போனேன். கதை சொல்லச் சொல்ல கதையில் வந்த அந்த இன்னொரு ஜெயகரன் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

கடைசியில் டம்ளரை வாங்க வந்தவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க பாத்தீங்களா? கூட இருந்தீங்களா? நெசமாவே செத்துட்டானா அவன்?"

ஆமாம்மா என்றேன்.

"சரிங்க" என்றாள். டம்ளரைக் கழுவப் போனாள். நான் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். ஈஸ்டருக்கு வருகிறேன், வால்டர். அவள் எதிரே உட்கார்ந்து, நான்தான் ஜெயகரன் என்று சொல்லப் போகிறேன். அடிக்கட்டும், திட்டட்டும். இங்கே வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடவும் யோசிக்கிறேன். பக்கத்தில் ஏதாவது ஸ்கூலில் எடுத்துக்கொள்ள மாட்டார்களா? நான் திரும்பிப் போகாவிட்டால் அவள் ஸ்டேஷனில் நிற்க வேண்டியதில்லை. நீ சொன்னதற்கு இதுதான் பதில். அதுவரை அவளிடம் ஒன்றும் சொல்லாதே. நானே சொல்ல வேண்டும்.

அண்ணன்


ஸ்கெலட்டன்,
6 ஏப்ரல் 2025

அண்ணா,

உன் கடிதம் கிடைத்து ஒரு வாரம் ஆகிறது. எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா தூங்குகிறார்கள்.

நீ சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நான் சொல்லவில்லை. உன் கடிதம் வருவதற்கு முன்பே, நீ வந்த அன்று ராத்திரி நான் வேலையிலிருந்து வந்து சோற்றில் கை வைத்தபோதே அம்மா சொல்லிவிட்டார்கள்.

"ஒங்கண்ணன் வந்தான் இன்னிக்கு."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அம்மா காலில் விழுந்தேன். நான் பொய் சொன்னதெல்லாம் சொன்னேன். எழுப்பி உட்கார வைத்தார்கள், கோபமே இல்லை.

"நீ பொய் சொல்ற மூஞ்சி எனக்குத் தெரியாதாடா? பேனர் பாத்தப்ப பாதிதான் நம்புனேன். மீதி பாதிய உள்ளயே வெச்சிருந்தேன். எல்லாரும் வந்து அழுதாங்க, நானும் அழுதேன். ஆனா அந்த பாதி இருந்துச்சு."

"அண்ணன பாத்ததும் தெரிஞ்சிதாம்மா?"

"பின் சந்துல திரும்பும்போதே நடைய வெச்சே தெரிஞ்சிது."

"அப்ப ஏம்மா யாருன்னு கேட்ட?"

"எத்தினி நாளா நான் போய்ப் போய் நின்னேன். ஒரு வாட்டி அவன் சொல்லட்டும்னு பாத்தேன். ஸ்டூல் போட்டேன், டீ வெச்சேன், பேச்சுக் குடுத்தேன். சொல்லல. சரி, வெக்கப்படுறான்னு எந்திரிச்சி கிட்டப் போயி மூஞ்சிக்கு நேரா கேட்டேன். செத்துட்டானான்னு. ஆமான்னான்."

அதற்கு மேல் அன்று பேசவில்லை. நீ வந்தது அதற்குப் பிறகு பத்து நாள் வீட்டில் பேச்சிலேயே இல்லை. உன் கடிதம் வந்த பிறகு நான்தான் மனசு கேட்காமல் திரும்ப ஆரம்பித்தேன். உன் கடிதத்தை வாசித்துக் காட்டவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள்.

இது உனக்குத் தெரியாது, எனக்கே இப்போதுதான் புரிகிறது. பேனர் போட்ட பிறகு அம்மா ஸ்டேஷனுக்குப் போவதை நிறுத்தினார்களே தவிர, சாயங்காலம் பெங்களூர் வண்டி வருகிற நேரத்துக்கு வாசல் கதவைத் திறந்து வைப்பார்கள். காற்று வரட்டும் என்பார்கள். நீ வந்து போன மறுநாளிலிருந்து அந்த நேரத்துக்குத் தாழ்ப்பாள் போடுகிறார்கள்.

நேற்று அப்பாவின் கல்லறைக்குப் போயிருந்தோம். கல்லில் உன் பேரையும் சேர்த்து எழுதச் சொன்னார்கள். கல் வெட்டுகிறவரை அவர்களே கூட்டி வந்திருந்தார்கள். நான் அவரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு, "வேணாம்மா, அண்ணன் ஈஸ்டருக்கு வர்றாரு" என்றேன்.

"யாரு?"

"அண்ணன்மா. ஜெயகரன்."

"அவன் செத்துட்டான்டா. அவன் கூட இருந்தவரே வந்து சொல்லிட்டுப் போனாரு. நீ சொன்னா நம்பமாட்டேன். அவரு சொல்லிட்டாரு."

"அம்மா, தயவுசெஞ்சி..."

"யாரு வர்றது, அந்த நாக்பூர்க்காரரா? வரட்டும். தூரத்துலேர்ந்து வர்றவரு. டீ வெச்சிக் குடு. வெளியவே குடுத்து அனுப்பு."

பிறகு கல் வெட்டுகிறவரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்கள்.

வால்டர்